அம்மாவின் திருகுகள்ளி

தேக்காவில் வளர்ந்தவர்களுக்குப் பின்சந்து எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கடைவீடுகளின் முதுகுப்பக்கம். சுழன்று ஏறும் இரும்புப்படி, அதன் அடியில் மலவாளி எடுப்பவர்கள் வந்துபோகும் சின்னக் கதவு, மேலே சமையலறையை ஒட்டி ஒரு சிமெண்டுத் தளம். துணி காயப்போட்ட மூங்கில் கழிகள் அங்கிருந்து சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் தளத்தில் துணியோடு ஒரு செடியும் இருந்தது. இந்த வயதில் கண்ணை மூடினால் அந்தச் செடி அப்படியே வந்து நிற்கிறது. அம்மாவின் முகம்கூட அத்தனை தெளிவாக வருவதில்லை.

திருகுகள்ளி. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இலை என்று ஒன்றும் கிடையாது. பென்சில் பென்சிலாகப் பச்சைக் குச்சிகள், குச்சிக்கு மேல் குச்சி. நுனியில் எள்ளளவுக்கு ஏதோ துளிர்க்கும், இரண்டு நாளில் உதிர்ந்துவிடும். பக்கத்து வீட்டு மலாய் அம்மாள்தான் அதில் ஒரு கிளையை அம்மாவுக்குக் கொடுத்தாராம். கண்ணேறு படாமல் இருக்க அம்மா அதை வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாள். மண் இல்லை, தண்ணீர் இல்லை, மாதக்கணக்கில் அது பச்சையாகவே இருந்தது. "இவ்வளவு நாளா உசுரைப் புடிச்சுக்கிட்டு இருக்கே, பாவம்" என்று அவிழ்த்து, மண்ணெண்ணெய் டின் ஒன்றில் செங்கல் பொடியும் ஆற்று மணலும் போட்டு நட்டாள். எனக்கு ஒன்பது வயதாகும்போது அது என்னைவிட உயரம்.

அம்மா அதற்குத் தண்ணீர் ஊற்றி நான் அதிகம் பார்த்ததில்லை. எப்போதாவது எனாமல் குவளையில் கொஞ்சம். அந்தக் குவளை வெள்ளை, விளிம்பு நீலம். அடியில் பூச்சு உதிர்ந்து ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். மழைக்காலம் வந்தால் டின்னைத் தரதரவென்று இழுத்துக் கூரைக்கு அடியில் வைத்துவிடுவாள். செடி வாடினாற்போலத் தெரிந்தால் கொண்டை ஊசியால் ஒரு குச்சியின் நுனியில் குத்துவாள். வெள்ளையாக ஒரு சொட்டுப் பால் முட்டிக்கொண்டு வரும்.

"பால் வருது பாரு. உசுரோட இருக்கு" என்பாள். உடனே ஊசியையும் கையையும் சவுக்காரம் போட்டுக் கழுவுவாள். "நீங்க தொடக்கூடாது. இது சுடுற பாலு." தம்பிக்கு அப்போது ஆறு வயது. பால் எப்படிச் சுடும், அடுப்பே இல்லையே என்று அவன் கேட்டுக்கொண்டே இருப்பான்.

அந்த வருஷம் அம்மா காய்ச்சலில் படுத்தாள், பெரியாஸ்பத்திரிக்குப் போனாள், வரவில்லை. அப்பா கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். போர்னியோ, பேங்காக் என்று போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். ஆகவே அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, கணவரை இழந்தவர், பிள்ளையில்லாதவர். "ரெண்டையும் நான் பாத்துக்கறேன். நீ கவலைப்படாம கப்பலுக்குப் போ" என்று அப்பாவிடம் சொன்னார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். சோறு குழைந்திருக்கும், தலைமுடி இழுத்து வாரப்பட்டிருக்கும், எண்ணெய் நெற்றியில் வழியும். அம்மா மீது அவருக்கு உண்மையான பிரியம் இருந்தது. அந்தப் பிரியத்தை எல்லாம் கள்ளிச்செடியின் மேல் ஊற்றினார். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. "அவ வெச்ச செடி. வாடக்கூடாது" என்பார். வருஷக் கடைசி மழை வேறு சேர்ந்துகொண்டது. டின்னை உள்ளே இழுக்க வேண்டும் என்பது அத்தைக்குத் தெரியாது. நான் சொன்னேன். "செடிக்கு மழை கெடுதல்னு யாருடி உனக்குச் சொன்னா?" என்றார்.

மழை ஓய்ந்தபோது அடித்தண்டு பழுப்பாகி, தொட்டால் மெத்தென்று அமுங்கியது. பின்சந்தின் எல்லா நாற்றத்தையும் தாண்டி அதிலிருந்து ஒரு புளித்த வாடை வந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மா போனபின் அம்மாவுடையது என்று உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் புத்தகப்பையைக்கூட இறக்காமல் தளத்துக்கு ஓடுவேன், சாய்ந்துவிட்டதா என்று பார்க்க.

அந்தச் சமயத்தில்தான் அப்பா சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஜொகூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுத்தவர். முதல் கணவரை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனவன், திருப்பி அனுப்பவில்லை. ஆள் ஒல்லி. முன்னங்கைகள் மட்டும் ஆண்பிள்ளை கை போல இருக்கும். கோயிலில் மாலை மாற்றி வீட்டுக்கு வந்தபின் அப்பா ஒரு வாரம்கூட இருக்கவில்லை; கப்பல் கிளம்பிவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பிள்ளைகளும், ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு பெண்களும் இருந்தோம்.

சின்னம்மா பேசினால்கூட மெதுவாகத்தான் பேசுவார். அடுப்படியில் எதையாவது எடுக்க வேண்டுமென்றால், "இதை எடுத்துக்கட்டுமா அண்ணி?" என்று அத்தையைக் கேட்பார். அத்தை பதில் சொல்லமாட்டார். எங்களை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு காதில் சொல்வார்: "அவ கையால எதையும் வாங்கித் தின்னாதீங்க. வந்தவளுக்கு உங்க மேல என்ன பாசம் இருக்கும்? நாளைக்கு அவளுக்குன்னு ஒண்ணு பொறந்தா நீங்க யாரோ."

நான் அதை நம்பினேனா என்றால், பாதி நம்பினேன். பாதி நம்புவதுதான் கஷ்டம். சின்னம்மா வைத்த ரசத்தை முகர்ந்து பார்ப்பேன். தம்பி ஒரு வாய் சாப்பிட்டால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். தளத்தில் சின்னம்மா குந்தியிருந்தார். கையில் அரிவாள்மனையிலிருந்து கழற்றின கத்தி. முந்தானையால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டியிருந்தார். அம்மாவின் செடி துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. வெட்டிய இடத்திலெல்லாம் பால் வழிந்து சிமெண்டில் ஓடியது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. சின்னம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "கிட்ட வராதே! கிட்ட வராதே பாப்பா, தெறிக்கும்!" என்றார். அவர் என்னை விரட்டுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

பிறகு எழுந்து வந்து, தள்ளி நின்றபடியே சொன்னார்: "அடி அழுகிப்போச்சும்மா. அப்படியே விட்டா மேல ஏறிடும். நல்ல கிளையா பாத்து வெட்டியிருக்கேன். வெட்டுன இடம் காயட்டும். காஞ்சதும் நட்டா வேர் விடும். உங்கம்மா செடிதான், வேற இல்ல."

"பொய்" என்றேன்.

அவர் மறுபடி குந்தினார். துண்டுகளைத் தண்ணீரில் அலசி, பழைய கோணிச்சாக்கின் மேல், அடுப்படிப் பரணில் நிழலாகப் பரப்பி வைத்தார். அழுகின அடியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டார். டின்னைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டார். அந்த ஆணிச்சத்தம் ஒவ்வொன்றும் எனக்கு நெஞ்சில் விழுந்தது.

அத்தை வந்து பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதார். "அவ இருந்த அடையாளத்தையே வெட்டிப் போட்டுட்டாளே! செடியை வெட்டுனவ நாளைக்கு எதை வெட்டுவா?" கீழ்க்கடை பாய், அரிசியும் கைலியும் விற்பவர், படியில் பாதி ஏறி வந்து என்னவென்று எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பரணில் இருந்த துண்டுகள் நாளுக்கு நாள் சுருங்கின. வெட்டு வாய் மூடிச் சாம்பல் நிறமாகிவிட்டது. எனக்கு அது செத்துப்போனதாகத்தான் தெரிந்தது. ஒரு வாரத்துக்கும் மேலானபின் சின்னம்மா அவற்றை இறக்கி மணலில் நட்டார். நட்டுவிட்டுத் தண்ணீரே ஊற்றவில்லை. வெறும் மணலில் குத்திவைத்த குச்சிகள் மாதிரி நின்றன.

"பாத்தியா? செத்ததைத்தான் நட்டு வெச்சுக் கண்கட்டு வித்தை காட்டுறா" என்றார் அத்தை.

தம்பி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அது ஒரு சாயங்காலம். சந்தில் மாட்டுக்காரர்கள் பால் கறந்துவிட்டுப் போகிற நேரம்; எங்கோ மாவு மில் அரைக்கிற சத்தம். நான் தளத்து வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். தம்பி டின்னுக்குப் பக்கத்தில் நின்று எதையோ செய்துகொண்டிருந்தான். திடீரென்று அவன் குரல்:

"அக்கா! பால் வருது! அக்கா, அம்மா செடி சாகலை!"

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு குச்சியை நடுவில் ஒடித்திருந்தான். விரலெல்லாம் வெள்ளை. முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. "சாகலை, சாகலை" என்று குதித்தான். வேர்வை வழிந்ததோ, சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்ததோ, கையைத் தூக்கி இடது கண்ணைக் கசக்கினான்.

நான் எழுந்து ஓடுவதற்குள் அலறிவிட்டான். அந்த அலறலை நான் விவரிக்கப்போவதில்லை.

அடுப்படியிலிருந்து சின்னம்மா வந்த வேகம் எனக்கு நினைவிருக்கிறது. என்ன ஆயிற்று என்று கேட்கவேயில்லை; டின்னைப் பார்த்தார், அவன் கையைப் பார்த்தார். அவனைத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தலையை மடியில் சாய்த்து, ஒரு கையால் இமையை விரித்துப் பிடித்து, குழாயைத் திறந்துவிட்டார். தம்பி உதைத்தான், கடித்தான், நகத்தால் பிறாண்டினான். அவர் விடவில்லை. வழுக்கி விழுந்தபோதும் அவன் தலையை நெஞ்சோடு அணைத்தபடியே விழுந்து, மறுபடி குழாயடியில் பிடித்தார். "தொறடா ராசா, கண்ணைத் தொற, தொறடா" என்று அழுகையோடு சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் கையிலிருந்த பால் அவர் கைகளில் எல்லாம் வழிந்தது.

அத்தை ஓடி வந்து பார்த்தது இதைத்தான். புதிதாக வந்தவள், அலறுகிற பிள்ளையைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"விடுடி! எம்புள்ளைய விடு!" என்று அவனைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னும் கழுவணும் அண்ணி. கள்ளிப்பாலு. இன்னும் கொஞ்சம்…"

"கள்ளிப்பாலுன்னு தெரியுதுல்ல? தெரிஞ்சுதானே நட்டு வெச்சே?"

நான் சொன்னேன். அவனேதான் ஒடித்தான், அவனேதான் கண்ணைத் தொட்டான், நான் பார்த்தேன் என்று சொன்னேன். அத்தை என் பக்கம் திரும்பவேயில்லை. விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து, தம்பியின் இமைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார். எரிச்சல் அடங்க அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. பழைய வேட்டியைக் கிழித்து மடித்துக் கண்ணை இறுக்கிக் கட்டினார்.

கீழ்க்கடை பாய் மேலே வந்துவிட்டிருந்தார். "கண்ணும்மா. வெளையாட்டு இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க லா. நான் டாக்ஸி கூப்புடுறேன்."

"அங்க போனவ திரும்பி வந்தாளா?" என்று கேட்டார் அத்தை. "இவனையும் அங்க குடுக்கமாட்டேன். காலையில சரியாப் போயிரும்."

சின்னம்மா சுவரோரம் நின்றார். ஈரச்சேலை காலில் ஒட்டியிருந்தது. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எங்கள் பிள்ளை, நான் கொண்டுபோகிறேன் என்று சொல்ல அந்த வீட்டில் அவருக்கு அன்று இடமில்லை. வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதை இப்போது நினைத்தால் புரிகிறது. அப்போது, ஏன் இவர் சும்மா நிற்கிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் காலையில் துணிக்கட்டை மீறிக் கன்னம் வரை வீங்கியிருந்தது. தம்பி அழவில்லை, முனகினான். உடம்பு சுட்டது. சின்னம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு முன்படியில் இறங்கினார். அத்தை பின்னாலேயே, "நில்லுடி, நில்லு" என்று ஓடினார். அத்தையின் பின்னால் நான். கடைவாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த பாய், எங்களைப் பார்த்ததுமே வீதிக்கு ஓடி டாக்ஸியை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஓர் உதவியாளர் நின்று கேட்டார்: "கண்ணுல வேற ஏதாச்சும் போட்டீங்களா? மருந்து, எண்ணெய், தாய்ப்பாலு?"

"ஒண்ணும் போடல" என்றார் அத்தை.

"எண்ணெய்" என்றேன் நான். அத்தையின் விரல்கள் என் தொடையில் இறங்கின. உதவியாளர் அதற்குள் டாக்டரிடம் பேசத் தொடங்கிவிட்டார். மறுபடி உரக்கச் சொன்னேன். "பெரியவங்க பேசட்டும்" என்று என்னை வெளியே அனுப்பினார்கள். சின்னம்மாவைத் தாயில்லை என்று அத்தை ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவரும் வெளியேதான், நடையில் ஒரு பெஞ்சில் இருந்தார்.

தம்பியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பார்வை வருமா வராதா என்று யாரும் சொல்லவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அத்தையிடம் பேசினார்கள், திரும்பும்போது சின்னம்மாவை ஒரு பார்வை பார்த்தார்கள். "கள்ளிப்பாலு" என்ற வார்த்தையை அவர்கள் குரல் தாழ்த்திச் சொன்ன விதம் எனக்குப் புரியவில்லை. ஊரில் அந்தப் பாலுக்கு வேறு என்ன உபயோகம் இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் பல வருஷம் ஆயிற்று. அப்போதுதான் அந்தப் பார்வையின் கனம் விளங்கியது.

அத்தை ஆஸ்பத்திரியே கதியென்று இருந்தார். வீட்டில் நானும் சின்னம்மாவும் மட்டும். ஒரு மத்தியானம் அவர் குழாயடியில் உட்கார்ந்து முழுக்கை ரவிக்கையின் கையை மேலே சுருட்டிக்கொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்து அவசரமாக இறக்கப் பார்த்தார். முடியவில்லை, துணி ஒட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கொப்புளம், சில உடைந்து தோல் உரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கையோடுதான் சமைத்திருக்கிறார், என் பாவாடையைத் துவைத்திருக்கிறார்.

"வலிக்குதா?" என்று கேட்டேன். அதுதான் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி என்று நினைக்கிறேன்.

"இது காயும்" என்றார். பிறகு, "அவனுக்குத்தான் எப்படி இருக்கோ. உள்ள விட மாட்டேங்குறாங்களே" என்றார்.

அன்று அவர் போட்ட சோற்றை நான் முகரவில்லை.

அப்பா கப்பலிலிருந்து வந்தார். வாசலிலேயே அத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அப்பா கேட்டுக்கொண்டே நின்றார், கையில் பெட்டியை இறக்காமலே. நான் குறுக்கே போய் நான் பார்த்ததைச் சொன்னேன். அவன் ஒடித்தது, சின்னம்மா கழுவியது, அத்தை எண்ணெய் விட்டது, ஆஸ்பத்திரியில் கேட்டபோது இல்லை என்றது. அப்பா என்னை உற்றுப் பார்த்தார்.

"அத்தை நல்லதுக்குத்தானே செஞ்சாங்க? பெரியவங்க மேல பழி சொல்லாதே" என்றார்.

சின்னம்மாவிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை, உன் மேல் தப்பில்லை என்று சொல்லவும் இல்லை. அன்றைக்கு மட்டுமில்லை, சாகும்வரை சொல்லவில்லை. அப்பா யார் பக்கமும் பேசாத நியாயவான் என்று ரொம்ப காலம் நான் பெருமைப்பட்டிருக்கிறேன். நியாயம் ஒரு பக்கம் இருக்கும்போது நடுவில் நிற்பதும் ஒரு அநியாயம்தான் என்று எனக்குப் பிள்ளைகள் பிறந்தபின்தான் தோன்றியது.

தம்பி ஒரு கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்த நாள், அப்பா டின்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கப் போனார். அதை எறிந்தால்தான் வீட்டில் இருப்பேன் என்று அத்தை சொல்லியிருந்தார். தம்பி, "அது அம்மா செடி! உசுரோட இருக்கு!" என்று அழுது தரையில் புரண்டான். கட்டு அவிழ்ந்துவிடப் போகிறதென்று எல்லாரும் பதறினார்கள். அப்பா டின்னை இறக்கி வைத்தார். சின்னம்மா கோழிக்கூட்டுக் கம்பிவலையில் ஒரு துண்டு வாங்கிவந்து அதைச் சுற்றிக் கட்டினார், கை நுழையாதபடி.

அந்த வாரமே அத்தை பெட்டியைக் கட்டிக்கொண்டு, கேலாங்கில் இருந்த தன் கொழுந்தன் வீட்டுக்குப் போய்விட்டார். "எம்புள்ளைய நான் பாத்துக்க முடியாம பண்ணிட்டா" என்பதுதான் அவர் படியில் சொன்ன கடைசி வார்த்தை.

தம்பியின் வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை. இடது கண்ணில் கடுகளவு வெள்ளைத் தழும்பு தங்கிவிட்டது. பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல இருக்கும் என்பான். குச்சிகள் வேர்விட்டுத் தழைத்தன. மழைக்கு முன் சின்னம்மா டின்னை உள்ளே இழுத்தார், கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கவாத்துச் செய்தார். ஆனால் அவருடைய கவனம் முழுக்க அந்தக் கண்ணில்தான். சோறு போடும்போது, தலை துவட்டும்போது, திடீரென்று அவனுடைய வலது கண்ணைக் கையால் பொத்துவார். "இது என்ன கலரு? அந்தக் காலண்டர்ல என்ன படம்?" தம்பி எரிச்சலோடு சொல்வான். சரியாகச் சொன்னாலும் அவர் முகம் தெளியாது. நாளைக்கும் கேட்பார்.

எங்கள் சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. வேண்டாம் என்று இருந்தாரா, வாய்க்கவில்லையா என்பது எனக்குத் தெரியாது.

பிறகு நாடு மாறியது. வீடுகளும் மாறின. நாங்கள் தோ பாயோ அடுக்குமாடிக்குப் போனோம். ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாய தேசிய சேவை வந்த புதிது. பதினெட்டு வயதில் தம்பிக்கும் மருத்துவச் சோதனைக்கு அழைப்பு வந்தது. அதிலிருந்து சின்னம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அவனை எடுத்துக்கொள்வார்களா, கழிப்பார்களா என்பதல்ல அவர் கவலை. "கண்ணைப் பாத்துட்டுக் கேப்பாங்களே. கேப்பாங்கள்ல?" என்று என்னிடம் கேட்டார்.

சோதனைக்குப் போன அன்று காலையிலிருந்தே வீட்டு வாசலுக்கு வெளியே நீள நடையில் நின்று, பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் அவன் வந்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்:

"கண்ணைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க. தமிழ் டாக்டர்தான். டார்ச் அடிச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. சின்ன வயசுல என்ன ஆச்சுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"நடந்ததைச் சொன்னேன். அக்கா எத்தனை தடவை சொல்லியிருக்கு எனக்கு." அவன் தண்ணீர் குடித்துவிட்டு, பெரிய விஷயமில்லாததுபோல் தொடர்ந்தான். "உடனே கழுவுனது யாருன்னு கேட்டாரு. அவங்க கழுவலைன்னா இந்தக் கண்ணே இருந்திருக்காதுன்னாரு. தழும்பு பாலால வந்த மாதிரி தெரியலையாம். எண்ணெயை ஊத்தி அழுக்குத் துணியில கட்டி வெச்சா புண்ணு சீழ் புடிக்கும், அதான் இப்படின்னாரு. என்னை ஆபீஸ் வேலைக்குப் போடுவாங்க போல. பசிக்குது, சின்னம்மா."

அவர் அவனுக்குச் சோறு போட்டார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய், கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"கேலாங் வரைக்கும் போயிட்டு வரலாம், வா."

பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷமும் அவர் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் கேட்டதில்லை. அடக்கி வைத்ததெல்லாம் இன்றைக்கு வெளியே வந்தால் என்ன ஆகும்? அத்தைக்கு அப்போது மூச்சிரைப்பு இருந்தது. வழியெல்லாம், என்ன சொல்லி இவரைத் தடுக்கலாம் என்று யோசித்தேன். தடுக்க எனக்கு என்ன உரிமை என்றும் யோசித்தேன்.

அத்தை எங்களைக் கண்டு திடுக்கிட்டார். தீபாவளிக்கு மட்டும்தானே வருவோம்? பலகை வீட்டின் முன்பக்கம் பெஞ்சில் உட்காரச் சொல்லி, காப்பி கலந்து வந்தார். மீன் கிடைக்காதது, யார் வீட்டிலோ கல்யாணம், தன் மூச்சு என்று அத்தை பேசினார். சின்னம்மா தலையாட்டினார். காப்பி முடிந்தது. எழுந்தோம். ஒன்றும் சொல்லாமலே திரும்பப்போகிறார் என்று நான் செருப்பை மாட்டினேன். சின்னம்மாவும் ஒரு செருப்பை மாட்டினார். மற்றொன்றைக் காலால் தேடியபடியே சொன்னார்:

"இன்னைக்கு டாக்டர் அவன் கண்ணைப் பாத்தாராம் அண்ணி."

குவளைகளை எடுத்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. "என்ன சொன்னாராம்?"

"அன்னைக்குக் கழுவுனது நல்லதுன்னாராம்."

அவ்வளவுதான். எண்ணெயைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

வெளியே ஒரு பிள்ளை டயர் உருட்டிக்கொண்டு ஓடினான். அத்தை குவளைகளை மறுபடி பெஞ்சின் மேல் வைத்தார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார்.

சின்னம்மாவின் கால் அப்படியே நின்றது.

"அந்த ஆஸ்பத்திரி ஆளு எங்கிட்டக் கேட்டாரே, எண்ணெய் போட்டீங்களான்னு. அவரு கேட்ட மொகத்துலயே தெரிஞ்சுபோச்சு, நான்தான் கெடுத்தேன்னு." அத்தைக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று பிறகு சொன்னார். "நான் பாத்துக்கறேன்னு வாங்கிக்கிட்ட புள்ள. எப்படிச் சொல்றது? நீ புதுசா வந்தவ. உன் மேல போட்டா நிக்கும்னு போட்டுட்டேன். நீ என்னைக்காச்சும் வந்து கேப்பேன்னு இருந்தேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் வாசலைப் பாத்துக்கிட்டு பயந்துகிட்டே இருப்பேன். நீ கேக்கவே இல்ல."

நான் சின்னம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. அவருடைய கைகளைப் பார்த்தேன். முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி இறுக்கின, பிறகு விட்டன.

அவர் மாட்டியிருந்த ஒரு செருப்பைக் கழற்றினார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"காப்பி இன்னும் இருக்கா அண்ணி?"

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். உள்ளே அலுமினியப் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. நானும் செருப்பைக் கழற்றினேன்.